முற்றிய வாய்ப்புற்றுநோயில் உயிர்க்குறியீடுகளும் முன்கணிப்பும்: தருமபுரி மாவட்டச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வாய்ப்புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்படும்போது, அந்நோயின் போக்கை முன்கூட்டி அறிய உதவும் உயிர்க்குறியீடுகள் பல முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றுள் எவை சிகிச்சை முடிவை உண்மையில் மாற்றுகின்றன, எவை ஆய்வேட்டளவில் நின்றுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை வகைப்படுத்தி விளக்குகிறது. பெருநகரப் புற்றுநோய் மையங்களிலிருந்து விலகி அமைந்த தருமபுரி போன்ற மாவட்டத்தில், திசுநோயியல் அறிக்கையும் எளிய இரத்தப் பரிசோதனையும் தரும் குறியீடுகளை முழுமையாகப் பதிவுசெய்வதே முதற்பணி என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வாய்ப்புற்றுநோய், உயிர்க்குறியீடு, முன்கணிப்பு, நிணநீர்க் கணு, ஊடுருவல் ஆழம், டிபி53, பிடி-எல்1, தருமபுரி.

முன்னுரை

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோயால் புதிதாகப் பாதிக்கப்பட்டோர் சுமார் 3.9 லட்சம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் சுமார் 1.44 லட்சம் பேர் இந்தியர். அதே ஆண்டில் இந்தியாவில் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். உலக நோயாளருள் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இந்நாட்டினர் என்பதால், இந்நோயின் உயிரியலை அறிவது நமக்குத் தொலைவான கல்வி அன்று.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு புகையிலையைச் சேர்த்து மெல்லுதலும், புகையிலையைக் கன்னத்தின் உட்புறத்தில் நெடுநேரம் அடக்கி வைத்தலும் தமிழகச் சிற்றூர்களில் நீண்டகாலமாக வழங்கிவரும் பழக்கங்கள். குட்கா, பான்மசாலா ஆகியவற்றின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தமிழக அரசு 2013 மே மாதத்தில் தடை விதித்தது. எனினும் பழக்கத்தின் விளைவு பல்லாண்டுகள் கழித்தே புற்றாக வெளிப்படும். ஆகவே இன்று மருத்துவமனைக்கு வரும் நோயாளி, பத்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நுகர்வின் பயனையே சுமந்து வருகிறார்.

தருமபுரி மாவட்டம் 1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. 2008இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இங்கிருந்து சேலம் சுமார் 65 கி.மீ. தொலைவிலும், பெங்களூரு சுமார் 130 கி.மீ. தொலைவிலும், சென்னை சுமார் 300 கி.மீ. தொலைவிலும் உள்ளன. சென்னை அடையாற்றில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய புற்றுநோய் நிறுவனமும், பெங்களூரில் உள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனமும் புற்றுநோய்க்கென்றே அமைந்த பெருமையங்கள். சித்தேரி, வத்தல்மலை முதலிய மலைப்பகுதிகளில் வாழ்வோர்க்கும், நாட்கூலிக்காக வெளியூர் செல்வோர்க்கும் இந்தத் தொலைவே நோயின் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகிவிடுகிறது. இப்பின்னணியில் உயிர்க்குறியீடுகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்பொருள் வரையறை

நோய் இருக்கிறதா என்று அறிவது நோயறிதல். நோய் இனி எவ்வாறு செல்லும் என்று கணிப்பது முன்கணிப்பு. குறிப்பிட்ட ஒரு சிகிச்சையால் இந்நோயாளி பயன்பெறுவாரா என்று கூறுவது சிகிச்சைப்பயன் கணிப்பு. மூன்றும் வேறுவேறு. ஆய்வேடுகளில் பின்னிரண்டும் அடிக்கடி ஒன்றாக மயங்கக் காண்கிறோம். ஒரு புரதம் மிகுதியாக உள்ளவர்கள் விரைவில் இறக்கிறார்கள் என்றால் அது முன்கணிப்புக் குறியீடு. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்து அவர்களுக்கே கூடுதலாகப் பயன்படுகிறது என்று தனியாக நிறுவப்பட்டால்தான் அது சிகிச்சைப்பயன் குறியீடு.

'முற்றிய நிலை' என்பது டி.என்.எம். நிலைப்படுத்தலின்படி மூன்றாம், நான்காம் நிலைகளைக் குறிக்கும். கட்டி 4 செ.மீ.க்கு மேற்பட்டிருத்தல், தாடையெலும்பு அல்லது கன்னத்தோலுக்குள் ஊடுருவியிருத்தல், கழுத்து நிணநீர்க் கணுவிற்குப் பரவியிருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் நோய் இந்நிலைகளுள் அடங்கும். இந்நிலையிலும் நோய் தொலைவுறுப்புகளுக்குப் பரவாதவரை, அறுவையும் கதிர்வீச்சும் இணைந்த சிகிச்சையால் குணமடைவோர் உண்டு. 'முற்றியது' என்ற சொல்லைக் 'கைவிடப்பட்டது' என்று பொருள்கொள்ளலாகாது. யாருக்கு எவ்வளவு தீவிரமான சிகிச்சை தேவை என்று பிரித்தறிவதற்கே குறியீடுகள் வேண்டப்படுகின்றன.

திசுநோயியல் தரும் குறியீடுகள்

வாய்ப்புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை செதிள் உயிரணுப் புற்றுகள். அறுவையில் நீக்கப்பட்ட திசுவைச் சாதாரணச் சாயமிட்டு நுண்ணோக்கியில் காணும்போதே வலுவான முன்கணிப்புச் செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, ஊடுருவல் ஆழம். கட்டியின் பருமனும் அதன் ஊடுருவல் ஆழமும் ஒன்றல்ல. புறத்தே பூத்துப் பெரிதாய்த் தோன்றும் கட்டி ஆழமின்றி இருக்கலாம். சிறு புண்ணாய்த் தோன்றுவது நாக்கின் தசைக்குள் ஆழ்ந்து இறங்கியிருக்கலாம். அருகிலுள்ள இயல்பான சளிப்படலத்தின் அடிச்சவ்வு மட்டத்திலிருந்து கட்டியின் மிக ஆழ்ந்த புள்ளிவரை செங்குத்தாக அளப்பதே ஊடுருவல் ஆழம். 2018 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு இவ்வளவைக் கட்டி நிலையில் சேர்த்தது. 5 மி.மீ., 10 மி.மீ. ஆகியன அதன் எல்லைக்கோடுகள். இரண்டு செ.மீ.க்கு உட்பட்ட கட்டியாயினும் ஆழம் 5 மி.மீ.யைக் கடந்தால் அது இரண்டாம் கட்டி நிலைக்கு உயர்த்தப்படும்.

இரண்டாவது, நிணநீர்க் கணுக்களின் நிலை. புற்று கழுத்துக் கணுக்களுக்குப் பரவியபின் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது மருத்துவ நூல்கள் பொதுவாக ஒப்புவது. அதனினும் கடுமையான அறிகுறி, புற்று கணுவின் உறையைக் கிழித்து வெளிப்படுதல். எட்டாம் பதிப்பு இதையும் கணு நிலையில் சேர்த்துள்ளது. எத்தனை கணுக்கள் நீக்கப்பட்டன, அவற்றுள் எத்தனையில் புற்று இருந்தது என்ற விகிதமும் பயனுடையது. கழுத்து அறுவையில் 18 கணுக்களுக்குக் குறைவாகக் கிடைத்தவர்களின் உயிர்பிழைப்புக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கணுக்களை எண்ணுதல் அறுவையின் தரத்திற்கும் ஓர் அளவுகோல்.

மூன்றாவது, வெட்டுவிளிம்பு. கட்டிக்கும் வெட்டுவிளிம்பிற்கும் இடையே 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் நல்ல திசு இருப்பின் விளிம்பு தூய்மையானது எனக் கொள்வது மரபு. நான்காவது, நரம்புறை வழியே பரவுதல். ஐந்தாவது, ஊடுருவும் முன்வரிசையின் தோற்றம். புற்றணுக்கள் அகன்ற அணியாய் முன்னேறுவதற்கும், ஐந்துக்கும் குறைந்த அணுக்கள் கொண்ட சிறுசிறு மொட்டுகளாய்ச் சிதறி முன்னேறுவதற்கும் வேறுபாடு உண்டு. சிதறிச் செல்வது தீயகுறி.

இவை சிகிச்சையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. தலைகழுத்துப் புற்றில் அறுவைக்குப்பின் கதிர்வீச்சு மட்டும் தருவதா, சிஸ்பிளாட்டின் மருந்தையும் சேர்த்துத் தருவதா என்ற வினாவிற்கு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு பெரும் சோதனைகளின் முடிவுகள் 2004இல் வெளியாயின. அவ்விரண்டையும் இணைத்து 2005இல் செய்த பகுப்பாய்வில், கணுவுறை கிழிந்தவர்களும் வெட்டுவிளிம்பில் புற்று இருந்தவர்களுமே மருந்தால் குறிப்பிடத்தக்க பயன் பெற்றனர் எனத் தெரிந்தது. திசுநோயியல் அறிக்கையில் அந்த இரண்டு வரிகள் விடுபட்டால், தேவையானவர் மருந்தின்றிப் போவார். தேவையற்றவர் சிறுநீரகப் பாதிப்பும் செவித்திறன் இழப்பும் தரவல்ல மருந்தைப் பெறுவார். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இக்குறியீடுகளின் மதிப்பு இங்குதான் புலப்படுகிறது.

மரபணு, புரதக் குறியீடுகள்

உயிரணுவின் மரபணுப் பழுதைக் கண்டு அதன் பெருக்கத்தை நிறுத்தும் காவலாளி டிபி53 மரபணு. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தலைகழுத்துச் செதிள் அணுப் புற்றுக்காக அறுவை செய்துகொண்ட 420 பேரின் கட்டிகளை ஆராய்ந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் டிபி53 பிறழ்வு இருந்தது. பிறழ்வுற்றவர்க்கு இறப்பு இடர் 1.4 மடங்காகவும், புரதத்தின் வடிவைச் சிதைக்கும் வகைப் பிறழ்வில் 1.7 மடங்காகவும் இருந்தது. இது முன்கணிப்புக் குறியீடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் டிபி53 பிறழ்ந்தவர்க்கென்று தனிச் சிகிச்சை எதுவும் வாய்ப்புற்றில் இன்னும் நிலைபெறவில்லை.

இந்தியப் புற்று மேலைநாட்டுப் புற்றின் நகல் அன்று. பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத்தொகுதிக் கூட்டமைப்பின் இந்தியக் குழு, கன்னம்-ஈறு பகுதிப் புற்றின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டது. டிபி53, ஃபேட்1, கேஸ்பேஸ்8, எச்ராஸ், நாட்ச்1 ஆகிய முன்னரே அறியப்பட்ட மரபணுக்களோடு, யுஎஸ்பி9எக்ஸ், அரிட்2 முதலிய வேறு சிலவும் இவ்வகைப் புற்றில் பிறழ்ந்திருப்பதை அது காட்டியது. மேலைநாடுகளில் நாக்கு, வாய்த்தளப் புற்றுகள் மிகுதி. மெல்லும் பழக்கம் உள்ள நம் பகுதியில் புகையிலை அடங்கும் இடமாகிய கன்னமும் ஈறும் மிகுதி. பிற நாட்டில் நிறுவப்பட்ட குறியீட்டின் எல்லைமதிப்பை இங்கு அப்படியே ஏற்பது பிழையாகலாம் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

மனிதப் பாப்பிலோமா வைரஸ் தொடர்பான பி16 புரதம் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. தொண்டை முகப்புப் புற்றில் பி16 மிகுந்திருப்பது நல்ல முன்கணிப்பைக் காட்டும். அதற்கெனத் தனி நிலைப்படுத்தலே உண்டு. வாய்க்குழிப் புற்றில் அவ்வலிமை பி16க்கு இல்லை. இரண்டையும் கலந்து 'தலைகழுத்துப் புற்று' என்று பொதுவாக எழுதும் ஆய்வேடுகளின் முடிவை வாய்ப்புற்றுக்குப் பொருத்தும்போது கவனம் தேவை.

மேற்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியாகிய இஜிஎஃப்ஆர், பெரும்பாலான தலைகழுத்துச் செதிள் அணுப் புற்றுகளில் மிகைப்பட்டுக் காணப்படும். கதிர்வீச்சுப் பெற்ற முற்றிய நோயாளரிடம் இதன் மிகை மோசமான விளைவோடு தொடர்புடையது என்பது 2002இல் காட்டப்பட்டது. எனினும் இவ்வேற்பியைத் தடுக்கும் மருந்து யாருக்குப் பயன்தரும் என்பதை இதன் அளவு தெளிவாகக் காட்டவில்லை. முன்கணிப்பும் சிகிச்சைப்பயன் கணிப்பும் வேறு என்று மேலே கூறியதற்கு இஜிஎஃப்ஆர் சிறந்த சான்று.

நோய்த்தடுப்பாற்றல் குறியீடு: பிடி-எல்1

புற்றணு தன் மேற்பரப்பில் பிடி-எல்1 புரதத்தை நீட்டி, தன்னைத் தாக்க வரும் டி அணுக்களை அடக்குகிறது. இப்பிணைப்பைத் தடுக்கும் மருந்துகள் மீளவந்த, பரவிய நோயில் பயன்படுகின்றன. பிடி-எல்1 சாயமேற்ற புற்றணுக்கள், நிணவணுக்கள், பெருவிழுங்கணுக்கள் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையை உயிருள்ள புற்றணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் கூட்டு மதிப்பெண் கிடைக்கும். 2019இல் வெளியான பன்னாட்டுச் சோதனையில், இம்மதிப்பெண் 20 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுள் பெம்புரோலிசுமாப் மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 14.9 மாதம்; ஒப்பீட்டுச் சிகிச்சை பெற்றோர்க்கு 10.7 மாதம். இங்கே குறியீடு சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க நேரடியாக உதவுகிறது.

ஆனால் மருந்தின் விலை இந்நாட்டுப் பெரும்பான்மை நோயாளருக்கு எட்டாதது. இத்தடையை எதிர்கொண்டு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு சோதனை நடத்தியது. மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்று மருந்துகளைத் தாழ்ந்த அளவில் தொடர்ந்து தரும் முறையோடு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை 20 மி.கி. நிவோலுமாப் மட்டும் சேர்க்கப்பட்டது. இது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. பிடி-எல்1 மதிப்பெண் பார்த்து நோயாளரைத் தேர்ந்தெடுக்காமலே இப்பயன் கிடைத்தது என்பது கருதத்தக்கது. குறியீட்டுச் சோதனைக்கே வழியில்லாத இடத்திலும் சிகிச்சைக்கு வழி உண்டு என்பதை இது காட்டுகிறது.

இரத்தக் குறியீடுகள்: எளிமையும் எச்சரிக்கையும்

வட்டார மருத்துவமனையிலும் செய்யக்கூடிய முழு இரத்த எண்ணிக்கையிலிருந்தே நடுவமைநாடி வெள்ளணு - நிணவணு விகிதத்தைக் கணக்கிடலாம். இவ்விகிதம் உயர்ந்திருப்பது மோசமான விளைவோடு தொடர்புடையது எனப் பல தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. அல்புமின் குறைவும் அவ்வாறே. வாயைத் திறக்க இயலாமலும் விழுங்க இயலாமலும் மாதக்கணக்கில் கஞ்சியால் உயிர் தாங்கிய நோயாளியின் உடல்நிலையை அல்புமின் ஓரளவு காட்டுகிறது.

ஆயினும் எச்சரிக்கை தேவை. முற்றிய வாய்ப்புண் பெரும்பாலும் சீழ்பிடித்திருக்கும். பற்சொத்தையும் ஈறு அழற்சியும் உடனிருக்கும். அத்தொற்றாலேயே நடுவமைநாடி வெள்ளணுக்கள் உயரும். எனவே தொற்றைத் தணித்தபின் எடுத்த மாதிரியா, முன்னர் எடுத்ததா என்று குறிப்பிடாத ஆய்வின் முடிவு நம்பத்தக்கதன்று.

இரத்தச்சோகை தரும் பாடம் இன்னும் ஆழமானது. இரத்தப்புரதம் குறைந்தால் கட்டிக்கு உயிர்வளி குறையும். உயிர்வளி குறைந்த அணு கதிர்வீச்சுக்கு எளிதில் மடியாது. ஆதலால் சோகை தீயகுறி. அப்படியெனில் சோகையைச் சரிசெய்தால் விளைவு மேம்பட வேண்டும் அன்றோ? 2003இல் வெளியான ஒரு சோதனையில், கதிர்வீச்சுப் பெற்ற தலைகழுத்துப் புற்று நோயாளருக்கு எரித்ரோபொயட்டின் தரப்பட்டது. இரத்தப்புரதம் உயர்ந்தது, ஆனால் நோய்க்கட்டுப்பாடு மேலும் மோசமாயிற்று. குறியீடு என்பது நோயின் நிழல். நிழலைத் திருத்துவதால் பொருள் திருந்தாது.

தருமபுரிச் சூழலில் பொருத்தம்

மேற்கண்டவற்றை மூன்று அடுக்குகளாக வகுக்கலாம். முதல் அடுக்கு, ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டாயம் பதிவாக வேண்டியவை: ஊடுருவல் ஆழம், வெட்டுவிளிம்பின் தொலைவு, நீக்கிய கணுக்களும் புற்றுற்ற கணுக்களும், கணுவுறைக் கிழிவு, நரம்புறைப் பரவல், ஊடுருவல் தோற்றம், இவற்றோடு இரத்த எண்ணிக்கை, அல்புமின், உடல் எடை. இரண்டாம் அடுக்கு, மீளவந்த அல்லது பரவிய நோயில் மருந்து கிடைக்கும் வாய்ப்பு இருப்பின் மட்டும் வேண்டப்படுவது: பிடி-எல்1. மூன்றாம் அடுக்கு, ஆய்வுக்குரியவை: டிபி53, இஜிஎஃப்ஆர், பிற மரபணுத் தொகுப்புகள். மூன்றாம் அடுக்குச் சோதனைக்காக நோயாளியின் கைப்பணத்தைச் செலவிடச் செய்வது அறமாகாது.

இவற்றோடு நான்காவதாகக் காலத்தையும் ஒரு குறியீடாகக் கொள்ள வேண்டும். அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடையே ஆறு வாரத்திற்கு மேல் ஆகலாகாது என்பது ஏற்கப்பட்ட நெறி. ஒரூரில் திசு எடுத்து, மற்றோரூரில் அறிக்கை பெற்று, வேறோரூரில் அறுவையும் இன்னோரூரில் கதிர்வீச்சும் பெறும் நோயாளிக்கு அவ்வாறு வாரங்கள் எளிதில் கடந்துவிடும். ஏறத்தாழ ஏழு வாரம் நீளும் கதிர்வீச்சுக் காலத்தில் தங்குமிடமும் இழந்த கூலியும் குடும்பத்தை அழுத்தும். பாதியில் நின்ற சிகிச்சையை எந்த மரபணுக் குறியீட்டாலும் ஈடுசெய்ய இயலாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினும், பயணமும் தங்கலும் குடும்பத்தின் பொறுப்பாகவே எஞ்சுகின்றன.

முற்றிய நிலைக்கு முன்பே கண்டறிவதன் பயனும் நிறுவப்பட்டதே. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெருஞ்சோதனை, பயிற்சி பெற்ற நலப்பணியாளர் கண்ணால் வாயைப் பார்த்துச் சோதிப்பதால், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடம் வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்ததை 2005இல் காட்டியது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுதோறும் செல்கின்றனர். வெண்திட்டு, செந்திட்டு, ஆறாப்புண், வாய் திறக்க இயலாமை ஆகிய நான்கையும் நோக்கும் பயிற்சியை அவர்களுக்கு அளிப்பதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

ஆய்வாளர்க்குச் சில நெறிகள்

முன்கணிப்புக் குறியீடு பற்றிய ஆய்வேடுகள் பெருகியும் நடைமுறைக்கு வந்தவை சிலவே. காரணம் பெரும்பாலும் ஆய்வு அமைப்பில் உள்ளது. சிறு எண்ணிக்கை நோயாளரிடம் பல குறியீடுகளைச் சோதித்தால் ஏதேனும் ஒன்று தற்செயலாகவே பொருளுடையதாகத் தோன்றும். எல்லைமதிப்பைத் தரவு பார்த்தபின் தேர்ந்தெடுத்தால் முடிவு மிகைப்படும். கட்டி நிலை, கணு நிலை ஆகியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னும் குறியீடு புதிய செய்தி தருகிறதா என்று பார்க்கப்படாவிட்டால், அது தெரிந்ததையே வேறு பெயரால் சொல்வதாகும். 2005இல் வகுக்கப்பட்ட 'ரிமார்க்' நெறிமுறை இவற்றை ஒழுங்குபடுத்துகிறது. முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் முன்னரே அதைப் பயில்வது நன்று. எல்லாவற்றினும் மேலாக, சிகிச்சைக்குப்பின் நோயாளியைத் தொடர்ந்து அறிதல் வேண்டும். தொடர்பற்றுப் போனவரை உயிருடன் இருப்பவராகக் கொள்ளும் ஆய்வு, தொலைவில் வாழும் ஏழையின் இறப்பைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறது. மாநில முழுவதும் பரவிய புற்றுநோய்ப் பதிவேட்டுப் பணியோடு மருத்துவமனைத் தரவை இணைத்தல் இதற்கு ஒரு வழி.

முடிவுரை

முன்கணிப்பு என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய நிகழ்தகவு. ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பன்று. ஓராண்டு உயிர்வாழ்வு 43 விழுக்காடு என்றால், எதிரே அமர்ந்திருப்பவர் அந்த 43இல் ஒருவரா, எஞ்சிய 57இல் ஒருவரா என்பதை அவ்வெண் கூறாது. அதனை நோயாளியும் குடும்பத்தாரும் விளங்கிக்கொள்ளும் தமிழில் எடுத்துரைப்பதும் மருத்துவக் கடமையே. மரபணுக் குறியீடுகள் நாளை சிகிச்சையை வழிநடத்தலாம். இன்று தருமபுரி போன்ற மாவட்டத்தில் உயிர்காக்கவல்லது, முழுமையாக எழுதப்பட்ட ஒரு திசுநோயியல் அறிக்கையும், ஆறு வாரத்திற்குள் தொடங்கி இடையறாது முடிந்த சிகிச்சையும் ஆகும். புதிய குறியீட்டைத் தேடும் ஆய்வு, கையிலுள்ள குறியீடுகளை முறையாகப் பதிவுசெய்யும் பணியிலிருந்தே தொடங்க வேண்டும்.